பாய் வீட்டில் நடந்த விபத்து

சேக் இஸ்மாயிலுக்குத் தும்மல் வந்துவிட்டது. வந்துவிட்டது என்றால் இன்னும் வெளியே வரவில்லை. மூக்கின் நுனியில் உட்கார்ந்துகொண்டு போவோமா இருப்போமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மனிதர் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார், மறு கையால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டார்.

"சாதிகா! சாதிகா! வருது புள்ள, வருது!"

அந்தக் குரலைக் கேட்டு அடுத்த வீட்டுக்காரர்கள் ஏதோ பிரசவம் என்று நினைத்திருந்தால் அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. சாதிகா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்து கணவரின் மூக்கை இறுக்கிப் பிடித்தாள். தும்மல் வந்த வழியே திரும்பிப் போனது. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் இஸ்மாயில். தும்மிய பிறகு சொல்ல வேண்டியதைத் தும்மாமலேயே சொல்லப் பழகிவிட்டார்.

முதுகில் அறுவை சிகிச்சை நடந்து மாதங்கள் ஓடிவிட்டன. இடுப்புக்குச் சற்று மேலே இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பிதுங்கி நரம்பை நசுக்கிய சவ்வை வெட்டி எடுத்திருந்தார்கள். காயம் ஆறி, வலது காலில் மரத்துப் போயிருந்த உணர்ச்சியும் திரும்பிவிட்டது. டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "அருமையா இருக்கு பாய். எடை மட்டும் தூக்காதீங்க. மெதுவாக் குனியலாம், நிமிரலாம், வேலைக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டார்.

"சஜ்தா செய்யலாமா டாக்டர்? நெத்தி தரையில படணும்."

"தாராளமாச் செய்யலாம். உங்க முதுகு சரியாயிருச்சு. பயம்தான் பாக்கி. அதை வெட்டி எடுக்க என்கிட்ட கத்தி இல்ல."

இஸ்மாயில் நம்பவில்லை. டாக்டருக்கு என்ன, முதுகு அவருடையதா? சீப்பு கைதவறிக் கட்டிலுக்கு அடியில் போனால், அந்தச் சீப்பை மறந்துவிட்டு வேறு சீப்பு வாங்கினார். செருப்பைச் சாதிகா மாட்டிவிட்டாள். பள்ளிவாசலில் தள்ளாத கிழவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொழுதார். முன்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் நெற்றியைத் தரையில் வைக்கும்போது, இவர் மட்டும் அம்புட்டு முதுகையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யா அல்லாஹ், ஒரே ஒரு தடவை என்று மனது கெஞ்சும். ஆனால் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே காதுக்குள் அந்தச் சத்தம் கேட்கும். கடக்.

அந்தச் சத்தம் பிறந்த கதையைச் சொல்லிவிட வேண்டும்.

இஸ்மாயில் கப்பலூர் எஸ்டேட்டில், லாரிகளுக்கு இரும்பு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார். கம்பெனியின் பேர் வேண்டாம். சொன்னால் அதற்கும் ஒரு கூட்டம் போட்டு உறுதிமொழி எடுப்பார்கள். அங்கே இரும்பைவிட அதிகமாக உற்பத்தியானது பாதுகாப்புதான். காலையில் பாதுகாப்பு உறுதிமொழி, மதியம் பாதுகாப்பு வாசகம், கழிப்பறைக் கதவில் பாதுகாப்புக் கவிதை. கேட்டுக்குப் பக்கத்தில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு மின்சாரப் பலகை. சிவப்பு எண்கள் தினமும் ஒன்று கூடும். பலகை செய்தவனிடம் கூட்டுவதற்கு மட்டும்தான் பட்டன் கேட்டிருந்தார்கள். குறைப்பதற்குக் கேட்கவில்லை. அப்படிக் கேட்பது அபசகுனம் என்று ஜி.எம். சுப்பராமன் நினைத்தார்.

வருடா வருடம் பாதுகாப்பு வாரம் வரும். குத்துவிளக்கு ஏற்றித்தான் தொடங்கும். பக்கத்துக் கம்பெனிக்காரன் நெஞ்சு உயரத்துக்கு விளக்கு வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும், ஜி.எம். தாடை உயரத்துக்கு ஒரு பித்தளை விளக்கு வாங்கினார். போன வருடம் அதை மேடைக்கு ஏற்ற வேண்டியிருந்தது. ஃபோர்க்லிஃப்ட் பக்கத்திலேயே சும்மா நின்றது.

"மங்கலப் பொருளைப் போய் மிஷின்ல தூக்குறதா? விளங்குமாய்யா?" என்றார் ஜி.எம்.

சரி, கழற்றித் தனித்தனியாக ஏற்றலாமா என்றால், சந்தனம் குங்குமம் வைத்துப் பூச்சுற்றிய விளக்கைக் கழற்றக்கூடாதாம். நாலு பேர் சேர்ந்து பிடித்தால் விளக்கு ஆடி எண்ணெய் சிந்தும் என்றார் சேஃப்டி ஆபீசர் செல்வக்குமார். "நம்ம பாய் நல்லாத் தூக்குவாரு. பாய், ஷூவோட விளக்கைத் தொடக்கூடாது. கழட்டிருங்க." இப்படியாக, பாதுகாப்பு வார விழாவுக்காகப் பாதுகாப்பு ஷூவைக் கழற்றிவிட்டு, தாடை உயரப் பித்தளையை ஒற்றை ஆளாக இஸ்மாயில் தூக்கினார். மேடையில் உறுதிமொழி ஓடிக்கொண்டிருந்தது. 'எனக்கும் பிறருக்கும் தீங்கு நேராமல்' என்ற இடத்தில் கடக் என்றது.

மனிதர் விழுந்து கிடந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிடலாம். ஆனால் ஆம்புலன்ஸ் கேட்டுக்குள் வந்தால் அது விபத்தாகிவிடும். ஆகவே கம்பெனி வேனில், அட்டைப் பெட்டிகளின் மேல் பாயைக் கிடத்தி, நெல்பேட்டையில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் வேகத்தடை. ஒவ்வொன்றிலும் அவர் அல்லாஹ்வைக் கூப்பிட்டார், செல்வக்குமார் "இந்தா வந்தாச்சு பாய்" என்றார். வீட்டில் கொண்டுபோய்ப் பாயில் கிடத்திவிட்டு, அங்கிருந்து செல்வக்குமாரே 108-க்குப் போன் போட்டார். "இங்க ஒரு வீட்ல ஒருத்தர் அரிசி மூட்டை தூக்கி விழுந்துட்டாருங்க."

வேனின் அந்த ஆட்டம் இல்லாமல் கொண்டுவந்திருந்தால் அறுவை சிகிச்சை வரைக்கும் போகாமல் இருந்திருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். ஆனால் அதற்கு முன்பே ஜி.எம். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுத்து, "எங்க விழுந்தீங்க பாய்?" என்று பாசமாகக் கேட்டிருந்தார். காலில் உணர்ச்சி இல்லாத மனிதருக்கு வேலையும் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்ற பயத்தில், "வீட்ல சார்" என்று இஸ்மாயில் சொல்லிவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

வேலைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில் செல்வக்குமார் மஞ்சள் ஹெல்மெட்டும் டேப்புமாக நெல்பேட்டைச் சந்துக்குள் நுழைந்தார். கூடவே பெயிண்ட் டப்பா.

"என்ன சார் இது?" என்றார் இஸ்மாயில், கதவைப் பிடித்தபடி.

"பாய், விபத்து நடந்த இடத்தைச் சரி பண்ணாம உங்களைத் திரும்ப வேலைக்குச் சேர்க்க முடியாது. அதான் ரூல். உங்க வீடு ரொம்ப ஆபத்தான வீடு பாய்."

அடுப்படியில் மஞ்சள் கோடு போட்டார். கோட்டுக்கு அங்கிட்டு சாதிகா, இங்கிட்டு மற்றவர்கள். கக்கூஸுக்குப் போகும் பின்கதவில் 'அவசர வழி' என்று ஒட்டினார். அது அவசர வழிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எதிர்வீட்டு ஆடு கட்டியிருந்த இடத்தில் 'அபாய காலத்தில் இங்கே கூடவும்' என்று பலகை நட்டார். ஆடு முதல் ஆளாகக் கூடி, பலகையின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தது. கடைசியில் சாதிகாவிடம் ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்.

"அம்மா, சமைக்கும்போது போட்டுக்கணும்."

"எதுக்குத் தம்பி? தோசை தலையில விழுந்துருமா?"

"விபத்து சொல்லிட்டு வராதும்மா. அந்த அரிசி மூட்டையை எங்க வச்சிருக்கீங்க? பார்க்கணும்."

சாதிகாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எந்த மூட்டை? நாங்க என்னைக்கு மூட்டை வாங்குனோம்? அஞ்சு கிலோப் பையிலதான் வாங்கிப் பொங்குறோம். நல்லா நடந்து போன எங்க வீட்டு மனுசனை நீங்கதானே மூட்டை மாதிரித் தூக்கிட்டு வந்து போட்டீங்க? அந்த மூட்டை இந்தா நிக்குது, நல்லாப் பாத்துக்கங்க!"

"சாதிகா!" என்று இஸ்மாயில் பதறினார். முதுகுக்குள் யாரோ நூலைப் பிடித்து இழுத்தது போலிருந்தது.

செல்வக்குமார் கோபப்படவில்லை. பயிற்சி பெற்றவர். குரலைத் தாழ்த்தி, "பாய், நல்லதுக்குச் சொல்றேன். வெள்ளிக்கிழமை மெட்ராஸ்ல இருந்து தலைமை ஆபீஸ் ஆளுங்க வாராங்க. விபத்தே இல்லாத ஆலைன்னு நமக்கு விருது. நீங்கதான் பாதுகாப்புத் தூதர். மேடையில ஏறி ரெண்டு வார்த்தை, அம்புட்டுதான். அது நல்லபடியா முடிஞ்சா ஸ்டோர்ல உட்கார்ந்த வேலை உங்களுக்கு நிரந்தரம்னு ஜி.எம். சொல்லியிருக்காரு. இல்லாட்டி வீட்லயே ஓய்வெடுக்கச் சொல்லிருவாரு" என்றார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்து, வாசற்படியில் 'தடுக்கும்' என்று ஒட்டிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை இஸ்மாயில் வேலைக்குப் போனார். கேட்டில் ஆரத்தி எடுக்காத குறைதான். முதுகுப் பக்கம் 'கவனம்! முதுகு!' என்று எழுதிய ஆரஞ்சுச் சட்டையை மாட்டினார்கள். வாயில் விசிலோடு ஓர் ஆள் பின்னாலேயே வந்தான். இஸ்மாயில் உடம்பு கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலும் விசில் அடிக்க வேண்டும் என்பது அவனுக்கு உத்தரவு. முதல் விசிலுக்கே இஸ்மாயில் திடுக்கிட்டுத் துள்ளினார். துள்ளக் கூடாது என்று இரண்டாவது விசில். சாப்பாட்டு வேளையில் சோற்றுக்கு மேல் லேசாகச் சாய்ந்தபோது அவன் அடித்த அடியில் கேன்டீனே எழுந்து, அபாய காலத்தில் கூடும் இடத்துக்கு ஓடியது. இஸ்மாயில் தட்டோடு தனியாக உட்கார்ந்திருந்தார். அதுவரைக்கும் குனிந்தால்தான் முதுகு போகும் என்று பயந்தார். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தாலும் போய்விடுமோ என்றிருந்தது.

கருத்தக்கண்ணன் மட்டும் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். பிரஸ் மிஷினில் வேலை பார்ப்பவன், சோழவந்தான்காரன்.

"பயப்படாத மாமா. நம்ம கம்பெனியில உனக்கு ஒண்ணும் ஆகாது" என்றான்.

"எப்படிடா சொல்ற மாப்ள?"

கருத்தக்கண்ணன் இடதுகையின் சுட்டுவிரலைக் காட்டினான். நகம் இருந்த இடம் தட்டையாக இருந்தது. "இது இந்த பிரஸ்ல நசுங்குனது. ஆனா இங்க நசுங்கலையாம். ஊர்ல எங்க கொடிக்கால்ல வெத்தலை கிள்ளும்போது நசுங்கிருச்சாம். வெத்தலை கிள்ளி விரல் நசுங்குன ஒரே ஆளு சோழவந்தான்லயே நான்தான். போறவன் வாரவனெல்லாம் கேட்டுச் சிரிக்கிறாய்ங்க." சொல்லிவிட்டு அவனும் சிரித்தான். இஸ்மாயில் சிரிக்கவில்லை. சிரித்தால் முதுகு குலுங்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. முந்தைய நாள் முழுக்க இஸ்மாயில் பேச வேண்டிய இரண்டு வார்த்தையை மனப்பாடம் செய்திருந்தார். ஆனால் பந்தலுக்குப் போனதும்தான் செல்வக்குமார் காதோடு காதாகச் சொன்னார்.

"பாய், ப்ரோக்ராம்ல சின்ன மாற்றம். நீங்க பேச வேண்டாம். செஞ்சு காட்டிருங்க."

"என்னத்தை சார்?"

"அன்னைக்கு வீட்ல எப்படித் தப்பாத் தூக்குனீங்களோ, அப்படியே. இடுப்பை வளைச்சு, வெடுக்குன்னு. அதுக்கப்புறம் நான் வந்து சரியான முறையில தூக்கிக் காட்டுவேன். மெட்ராஸ்காரங்க அசந்துருவாங்க."

"எதைத் தூக்கணும்?" என்று கேட்டார் இஸ்மாயில்.

செல்வக்குமார் மேடையைக் காட்டினார். பூச்சுற்றி, குங்குமம் வைத்து, தாடை உயரத்துக்கு நின்றது. "அரிசி மூட்டைக்குச் சொல்ல மறந்துட்டோம் பாய். விளக்கு இருக்கே."

அல்லாஹ்! வேட்டை நாயைத் திரும்பப் பார்த்த முயலுக்குக்கூட ஓட ஒரு திசை இருக்கும். இவருக்கு ஒரு பக்கம் விளக்கு, ஒரு பக்கம் வேலை. "டாக்டர் எடை தூக்கக்கூடாதுன்னாரு சார்" என்றார். "தூக்க வேண்டாம் பாய், தூக்குற மாதிரிக் குனிஞ்சு பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுனாப் போதும்" என்றார் செல்வக்குமார், ஏதோ தொட்டிலை ஆட்டச் சொல்வதுபோல.

ஜி.எம். சுப்பராமன் மைக்கைப் பிடித்தார். மெட்ராஸ் ஆட்கள் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம ஆலையில விபத்து நடக்கிறதில்ல. நடந்தா அது நம்ம ஆலை இல்ல. இந்தத் தெளிவு இருக்கிற வரைக்கும் நம்மளை எவனும் அசைக்க முடியாது!" கைதட்டல். "பல கம்பெனியில தொழிலாளிங்க கண்ட இடத்துல விழுறாங்க. நம்ம ஆளுங்களுக்கு ஒரு ஒழுக்கம் இருக்கு. விழணும்னா வீட்டுக்குப் போய்த்தான் விழுவாங்க. அடிபட்டாக்கூட ரத்தம் சொட்டச் சொட்ட வீட்டுக்குப் போய்த்தான் அடிபடுவாங்க! அந்தக் குடும்ப பாசத்தை நான் பணிவோட வணங்குறேன். இதோ நம்ம பாய். முதுகுத்தண்டையே கம்பெனிக்காக வீட்ல வச்சு ஒடைச்சவரு!"

மெட்ராஸ் ஆட்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கருத்தக்கண்ணன் நசுங்கிய விரலோடு தட்டினான். இஸ்மாயிலைக் கைத்தாங்கலாக விளக்குக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஷூவைக் கழற்றினார்கள். வெறுங்காலில் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சி ஏறியது. அன்றைக்கும் இதே குளிர்ச்சிதான்.

"குனிங்க பாய்" என்று செல்வக்குமார் பல்லுக்கிடையில் சொன்னார்.

இஸ்மாயில் குனியப் பார்த்தார். சத்தியமாகப் பார்த்தார். வேலை வேண்டும், சாதிகாவின் முகம் நினைவில் நின்றது. ஆனால் உடம்பு கேட்கவில்லை. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. "முடியல சார், பயமா இருக்கு சார்" என்றது குரல், மைக்கில் எல்லாருக்கும் கேட்டது. விசில்காரன் என்ன செய்வதென்று தெரியாமல் விசிலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

பந்தலில் முணுமுணுப்பு கிளம்பியது. ஜி.எம்.மின் முகம் கறுத்தது. நிகழ்ச்சி கெட்டுவிடும் என்று தெரிந்ததும் செல்வக்குமார் சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கினார்.

"பாருங்க! தவறான முறை எம்புட்டுப் பயத்தை உண்டாக்குதுன்னு பாய் நடிச்சுக் காட்டிட்டாரு! இப்ப சரியான முறை." ஷூவைக் கழற்றி ஓரமாக, ஒழுங்காக வைத்தார். "பாதங்களை அகட்டி வை. முழங்காலை மடக்கு. முதுகை நேராக்கு. பொருளை நெஞ்சோடு அணை. புன்னகை செய்." எல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே செய்தார். புன்னகையும் செய்தார். அந்தப் புத்தகத்தை எழுதியவர் தாடை உயர விளக்கைப் பார்த்திருக்கவில்லை போல. விளக்கு தரையைவிட்டு எழும்பியது.

கடக்.

பந்தலில் யாருக்கும் அது கேட்டிருக்காது. இஸ்மாயிலுக்குக் கேட்டது. அவருக்குத் தெரிந்த சத்தம். ஒரு நொடி தன்னுடைய முதுகுதான் என்று நினைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் செல்வக்குமார் புன்னகை மாறாமலே சரிவதைப் பார்த்தார். விளக்கு ஒரு பக்கம் உருண்டது, எண்ணெய் ஓடியது. செல்வக்குமார் மேடையில் குப்புறக் கிடந்தார். கால் ஒன்று இழுத்துக்கொண்டிருந்தது.

ஜி.எம். கேட் பக்கத்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். எண்கள் சிவப்பாக மின்னின. "யாரும் பதறாதீங்க, இது ஒண்ணும் இல்ல" என்று மைக்கில் சொல்லிவிட்டு, கீழே குனிந்து, "வேனை எடுங்கய்யா! இவரு வீடு எங்க?" என்றார்.

"விருதுநகர் சார். அங்க கொண்டுபோய்ப் போட்டுட்டுத் திரும்பி வரணும்" என்றார் டிரைவர்.

"அம்புட்டுத் தூரமா? தாங்காது." ஜி.எம். யோசித்தார். பொறுப்பான அதிகாரி, சீக்கிரமே வழி கண்டுபிடித்தார். "பாய் வீட்டுக்குக் கொண்டுபோங்க. ஏற்கெனவே விபத்து நடந்த வீடுதானே. சந்தேகம் வராது."

அட்டைப் பெட்டிகளை வேனில் அடுக்கும் சத்தம் கேட்டது. பழங்காநத்தம் வேகத்தடை, அதற்கடுத்த வேகத்தடை, ஒவ்வொன்றிலும் எலும்புக்குள் கத்தி இறங்கியது, கால் தன்னுடையதில்லாமல் போனது, எல்லாம் இஸ்மாயிலுக்கு ஒரே நேரத்தில் திரும்பி வந்தது. அந்த மனிதரை அவருக்குப் பிடிக்காது. ஆனால் அந்த வேன் எதிரிக்குக்கூட வேண்டாம்.

செல்வக்குமாரின் வாய் அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை. கைநீட்டி இஸ்மாயிலின் பேண்ட் நுனியைப் பிடித்து இழுத்தார்.

இஸ்மாயில் ஒரு முழங்காலை ஊன்றினார். பிறகு மறு முழங்கால். உள்ளங்கை இரண்டையும் தரையில் வைத்தார். பயத்தில் பல் கிட்டியது. கேட்காதே, கேட்காதே அந்தச் சத்தம் என்று வேண்டிக்கொண்டே, செல்வக்குமாரின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோகத் தலையை இறக்கினார், இன்னும் இறக்கினார். நெற்றி சிமெண்டைத் தொட்டது. எண்ணெய் ஈரம், குளிர்ச்சி. கடக் என்று எதுவும் கேட்கவில்லை.

"பாய்" என்றார் செல்வக்குமார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "வேன்ல மட்டும் ஏத்த விடாதீங்க பாய். செத்துருவேன். 108-ஐக் கூப்பிடுங்க."

"கூப்பிடுறேன் சார். அசையாதீங்க."

"ஆனா பாய்..." மூச்சு வாங்கியது. "விழுந்தது உங்க வீட்லன்னே இருக்கட்டும்."

இஸ்மாயில் நெற்றியைத் தரையில் வைத்தபடியே சற்று நேரம் இருந்தார். ஒரே ஒரு தடவை என்று எத்தனை நாள் கெஞ்சியிருப்பார். கிடைத்த இடத்தைப் பார், கிடைத்த வேளையைப் பார். அவருக்கு அழுகையும் வந்தது, கூடவே வேறு ஏதோவும் வந்தது. மெதுவாகக் கையூன்றி நிமிர்ந்து, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வேன்காரர்கள் செல்வக்குமாரின் காலைப் பிடிக்க வந்தார்கள்.

"தொடாதீங்கடா!" என்று கத்தினார். அவருடைய குரல்தான், அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "எவனாவது அசைச்சீங்க, என்னைத் தாண்டித்தான் போகணும்!"

'கவனம்! முதுகு!' என்று எழுதியிருந்த ஆளை யாரும் தாண்டத் துணியவில்லை. ரூல் அப்படி.

போனை எடுத்து எண்ணை அழுத்தினார். எதிர்முனையில் ஒரு பெண் குரல் கேட்டது.

"சொல்லுங்க சார், சம்பவம் எங்க நடந்துச்சு?"

ஜி.எம். சுப்பராமன் மேடையின் விளிம்புக்கு வந்து நின்று இஸ்மாயிலையே பார்த்தார். கையை மெதுவாக உயர்த்தி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் தட்டிக்கொடுத்தாரே, அதேபோல் காற்றில் தட்டிக்கொடுத்தார். மெட்ராஸ் ஆட்களும் பார்த்தார்கள். ஸ்டோர், உட்கார்ந்த வேலை, சாதிகா, எல்லாம் அந்தக் கையில் இருந்தது. இஸ்மாயிலின் பயம் எங்கேயும் போய்விடவில்லை, நெஞ்சுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

"ஹலோ? எங்க சார்?"

"கப்பலூர்" என்றார். "எஸ்டேட்டுக்குள்ள. கம்பெனி மேடையில. குத்துவிளக்கைத் தூக்கி முதுகு போயிருச்சுங்க."

"எத்தனை பேருக்கு அடி சார்?"

இஸ்மாயில் செல்வக்குமாரைப் பார்த்தார். பிறகு தன்னுடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"ரெண்டு பேருங்க."

"ரெண்டாவது ஆளுக்கு இப்ப எப்படி இருக்கு? நினைவு இருக்கா?"

"இருக்குங்க" என்று நெற்றி எண்ணெயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார் இஸ்மாயில். "அவரு விழுந்து மாசக்கணக்கு ஆச்சு. இதே இடத்துலதான். இன்னைக்குத்தான் குனிஞ்சாரு."